முதியோரே ஆய்வாளர் ஆன கதை

ஒரு முதியோர் இல்லம் நன்றாக நடக்கிறதா என்று அறிய வேண்டுமானால் யாரைக் கேட்பது? இல்லத்தை நடத்துபவரைக் கேட்கலாம். மேற்பார்வையிடும் அதிகாரியைக் கேட்கலாம். வந்து போகும் டாக்டரைக் கேட்கலாம். கட்டில்களை எண்ணலாம், குளியலறைகளை எண்ணலாம், சமையல் செலவைக் கணக்கிடலாம். இவை எல்லாம் செய்யப்பட்டன. அங்கேயே வாழும் கிழவரையும் கிழவியையும் கேட்கலாம் என்ற எண்ணம் வெகு நாள் கழித்தே தோன்றியது. கேட்கத் தொடங்கிய பின்னரும், கேள்விகளை அவர்களே அமைக்கட்டும், அவர்களே போய்க் கேட்கட்டும் என்று விட்டுக் கொடுப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கிலாந்து நாட்டின் வரலாற்றைக் கொண்டு தெளிவாக அறியலாம். முதியோர் நிலையைக் கணக்கெடுத்து நூலாக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. அது மட்டுமன்று, ஒரே இல்லங்களை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஆராய்ந்த அரிய நிகழ்ச்சியும் அங்கே நடந்துள்ளது. முதல் முறை முதியோர் ஆராயப்பட்டவர்கள். இரண்டாம் முறை அவர்களுள் பலர் ஆராய்ந்தவர்கள்.

பாதிரியாரைக் கேட்ட கணக்கு

1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் திருத்தப்பட்டது. உதவி வேண்டுகிற ஏழை, 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழையர் விடுதியில் சேர வேண்டும் என்பதே அதன் உட்கிடை. வெளியே உழைத்துப் பிழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்க்கையை விட விடுதி வாழ்க்கை தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பது ஒளிவு மறைவின்றிக் கூறப்பட்ட கொள்கை. சோம்பேறிகளை விரட்டுவதற்கென வகுத்த இந்த ஏற்பாட்டில் போய்ச் சிக்கியவர்களுள் பெரும் பகுதியினர் உழைக்க இயலாத முதியவர்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நாற்பது ஐம்பது ஆண்டு கூடி வாழ்ந்த கணவனும் மனைவியும் விடுதி வாயிலில் பிரிக்கப்பட்டனர். 'ஒர்க்ஹவுஸில் போய்ச் சாவேனோ' என்ற அச்சம் அந்நாட்டு ஏழைகளின் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்டது.

இந்த முதியோர் நிலையைப் பற்றி 1894-இல் ஒரு பெரிய நூல் வெளிவந்தது. எழுதியவர் லிவர்பூலில் பிறந்த கப்பல் முதலாளி சார்லஸ் பூத். லண்டன் நகர ஏழைகளைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்துப் புகழ் பெற்றவர். முதியோர் வறுமையைப் பற்றி அறிய அவர் யாரைக் கேட்டார் தெரியுமா? ஏழைகள் சட்டத்தை நிருவகித்த வட்டாரச் சங்கங்களின் அலுவலர்களையும், கிராமத்துப் பாதிரிமார்களையும் கேட்டார். 'உம்முடைய ஊரில் எத்தனை முதியோர்? அவர்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள்?' என்று எழுதிக் கேட்டு, வந்த விடைகளைத் தொகுத்தார்.

இதனை இழிவாகக் கருதுவதற்கில்லை. முதுமை வறுமைக்குக் குடியும் ஊதாரித்தனமுமே காரணம் என்று செல்வர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒழுங்காக உழைத்தவனும் எழுபது வயதில் பிச்சைக்காரனாகிறான் என்பதைப் பூத் எண்களைக் கொண்டு காட்டினார். முதியோர் அனைவருக்கும் அரசு பென்ஷன் தர வேண்டும் என்று வாதாடினார். 1908-இல் பென்ஷன் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரி முதல் நாளிலிருந்து 70 வயது கடந்த ஏழையருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்ததில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் முதியவர் ஒருவரின் குரல் அந்தப் பக்கங்களில் ஒலிக்க வேண்டுமானால், அது ஒரு பாதிரியாரின் பேனா வழியாகத்தான் வந்தாக வேண்டியிருந்தது.

ரேஷன் பட்டியல் காட்டிய வழி

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், நஃபீல்டு அறக்கட்டளை முதியோர் வாழ்க்கையைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை மேற்கொண்டது. அதன் ஒரு பகுதியை உல்வர்ஹாம்டன் என்ற தொழில் நகரத்து மருத்துவர் ஜோசப் ஷெல்டன் ஏற்றுக்கொண்டார். மருத்துவமனைக்கு வரும் முதியவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவருக்கு, முதுமை என்றாலே நோய் என்றுதான் தோன்றும். வராதவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

அதை அறிய ஷெல்டன் கையாண்ட வழி எளியது, அழகியது. போர்க்காலமாதலால் நகரத்தில் எல்லோருக்கும் ரேஷன் அட்டை இருந்தது. ரேஷன் அலுவலகப் பட்டியலிலிருந்து குறித்த இடைவெளியில் முதியோரின் பெயர்களைப் பொறுக்கி எடுத்தார். இவ்வாறு கிடைத்தவர்கள் ஐநூறு பேருக்குச் சற்றுக் குறைவு. அவர்களை வீட்டிலேயே போய்க் கண்டு பேசினார். 1948-இல் வெளிவந்த அவருடைய நூல் பல எண்ணங்களைப் புரட்டிப் போட்டது. முதியோரில் பெரும்பாலோர் படுக்கையில் கிடக்கவில்லை. வீட்டு வேலையிலும் பேரப்பிள்ளை வளர்ப்பிலும் ஈடுபட்டிருந்தனர். படுத்துவிட்டவர்களைத் தாங்கியவர்களும் மருத்துவமனைகள் அல்லர், மகள்களே.

ஷெல்டனின் இன்னோர் ஆய்வை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. முதியவர்கள் ஏன் கீழே விழுகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். 202 பேரிடம் அவர்கள் விழுந்த 500 நிகழ்ச்சிகளைக் கேட்டு எழுதி 1960-இல் வெளியிட்டார். 'வயதாகிவிட்டது, விழுந்தார்' என்று மருத்துவக் குறிப்பில் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தி, விழுந்தவரையே கேட்டபோது பலவாகப் பிரிந்தது. சிலர் தடுக்கி விழுந்தனர். சிலருக்கு நினைவு தப்பாமலே கால்கள் திடீரென்று மடிந்தன. விழுந்த 500 தடவைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவ்வகை. மாடிப்படியில் விழுந்தவர்கள் பலர், இறங்கி முடித்துவிட்டோம் என்று எண்ணிக் கடைசிப் படியைத் தவற விட்டவர்கள். விழுந்தவர் மனத்தில் அந்த நொடியில் என்ன இருந்தது என்பதை எந்த எக்ஸ்ரே காட்டும்? முதியவரின் சொல் அறிவியலுக்குத் தக்க சான்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அக்காலத்தில் இல்லை எனலாம்.

குளியலறை உதவியாளர்

1948 ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனில் தேசிய உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழைகள் சட்டம் ஒழிந்தது. ஒர்க்ஹவுஸ்களின் இடத்தில் இருபத்தைந்து முப்பது பேர் மட்டுமே தங்கும் சிறிய, இனிய இல்லங்கள் எழும்; வசதியுள்ளவர்கள் ஓட்டலில் தங்குவது போல முதியவர்கள் கட்டணம் கொடுத்துத் தன்மானத்தோடு தங்குவார்கள் என்று அமைச்சர் அனியூரின் பெவன் பாராளுமன்றத்தில் உறுதி கூறியிருந்தார்.

பத்து ஆண்டு கழித்து, அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று பார்க்கப் புறப்பட்டார் முப்பது வயது இளைஞர் ஒருவர். பெயர் பீட்டர் டவுன்செண்ட். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியில் 203 முதியோரைக் கண்டு பேசி, அவர்களுடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றி 1957-இல் நூல் எழுதியவர். 1958, 1959 ஆண்டுகளில் அவரும் சில உதவியாளர்களும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களுக்குச் சென்றனர். அவற்றுள் 39 பழைய ஒர்க்ஹவுஸ் கட்டடங்கள்; 53 உள்ளாட்சி மன்றங்கள் நடத்திய மற்ற இல்லங்கள்; 39 தொண்டு நிறுவனங்களுடையவை; 42 தனியாருடையவை. புதிதாகச் சேர்ந்த ஐநூறுக்கும் மேற்பட்ட முதியோரைப் பேட்டி கண்டனர். டவுன்செண்ட் தம் காமிராவில் படங்களும் எடுத்தார்.

கண்டது என்ன? பெயர்ப் பலகை மாறியிருந்தது, கட்டடம் மாறவில்லை. நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாகக் கட்டில்கள். பகல் நேரக் கூடத்தில் நான்கு சுவர்களையும் ஒட்டி நாற்காலிகள்; அவற்றில் பேசாமல் அமர்ந்திருக்கும் முதியவர்கள். சொந்தப் பொருள் என்று சொல்லிக்கொள்ளப் பலரிடம் ஒன்றும் இல்லை. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்த முதியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்னும் பழைய ஒர்க்ஹவுஸ்களிலேயே காலம் தள்ளினர்.

டவுன்செண்ட் ஒரு காரியம் செய்தார். லண்டனில் அத்தகைய பெரிய விடுதி ஒன்றில் முதியவர்களைக் குளிப்பாட்டும் உதவியாளராகச் சில நாள் வேலைக்குச் சேர்ந்தார். ஏன்? குறிப்பேட்டுடன் நாற்காலியில் அமர்ந்து கேட்பவனுக்குக் கிடைக்கும் விடை ஒன்று. முதுகு தேய்த்து விடுபவன் காதில் விழும் பேச்சு வேறு. விருந்துக்குப் போன வீட்டில், இலை முன் அமர்ந்திருக்கும்போது 'சாம்பார் எப்படி இருக்கிறது?' என்று வீட்டுக்காரர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? நாளைக்கும் அதே வீட்டில்தான் சாப்பிட வேண்டும், போக்கிடம் வேறு இல்லை என்றால் இன்னும் அழுத்தமாகச் சொல்வோம். முதியோர் இல்லங்களில் 'திருப்தியா?' என்று கேட்கும் ஆய்வுகளில் 'திருப்தியே' என்ற விடை குவிவதில் வியப்பில்லை. அந்த விடைக்குள் நன்றி இருக்கலாம், பயமும் இருக்கலாம். வெளியாளுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

டவுன்செண்டின் நூல் 1962-இல் வெளிவந்தது. 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்', அதாவது 'கடைசிப் புகலிடம்' என்பது அதன் பெயர். இத்தகைய கூட்டு இல்லங்கள் முதியோரின் உடல், உள்ளம், உறவு ஆகிய தேவைகளை நிறைவு செய்யவில்லை. இவற்றைப் படிப்படியாகக் கைவிட்டு, முதியோர் தத்தம் வீட்டிலேயே வாழ உதவ வேண்டும் என்று அவர் முடிவு கூறினார். இல்லங்களை அரசு கைவிடவில்லை. ஆனால் பழைய ஒர்க்ஹவுஸ் விடுதிகள் பல அடுத்த இருபது ஆண்டுகளில் மூடப்பட்டன.

நேர்மையும் துணிவும் மிக்க ஆய்வு அது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல இல்லம் எது, கெட்ட இல்லம் எது என்று மதிப்பெண் போட அவர் ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் எதெதைச் சேர்ப்பது என்று முடிவு செய்தவர் டவுன்செண்ட்தான். பூத் காலத்தில் ஊமையாக இருந்த முதியவர் இப்போது வாய் திறந்து பேசினார். ஆயினும் வினாத்தாள் பிறர் கையிலேயே இருந்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பால்

அந்த அளவுகோலையே முதியோரிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? இதற்கு விடை காணச் சிறிது நேரம் அமெரிக்கா செல்ல வேண்டும். அங்கே முதியோர் மருத்துவ விடுதிகளைப் பற்றி 1970-களில் புகார்கள் மலிந்தன. அரசு ஆய்வாளர்கள் வந்து பார்க்காமல் இல்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பார்த்தவை காகிதங்கள்: ஆட்கள் இத்தனை பேர், விதிகள் எழுதப்பட்டுள்ளன, கருவிகள் உள்ளன. நல்ல பராமரிப்புத் தரும் வசதி இருக்கிறதா என்பதே கேள்வி, தரப்படுகிறதா என்பதன்று.

1975-இல் எல்மா ஹோல்டர் என்ற பெண்மணி முதியோர் விடுதிச் சீர்திருத்தத்திற்காகப் பல குடிமக்கள் குழுக்களை ஒன்று சேர்த்துத் தேசியக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார். அவ்வமைப்பு 15 நகரங்களில் 450-க்கு மேற்பட்ட விடுதிவாசிகளைக் குழுக் குழுவாகக் கூட்டி, ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசச் செய்தது: நல்ல பராமரிப்பு என்பது எது? 1985-இல் முடிவுகள் வெளியாயின. நிபுணர் பட்டியல்களில் மருத்துவ வசதி முதலில் நிற்கும். முதியவர்கள் முன்னே வைத்தது உதவியாளர்களின் குணத்தையும் நடத்தையையும். ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கும்போது எப்படித் தூக்குகிறார், கூப்பிட்டால் வருகிறாரா, மரியாதையாகப் பேசுகிறாரா என்பவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாத செய்திகள். உணவு, சுற்றுப்புறம், பொழுதுபோக்கு, தம் விருப்பப்படி எழவும் உறங்கவும் உரிமை ஆகியவையும் இடம் பெற்றன.

இதைத் தொடர்ந்து 1986-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்றின் விரிவான அறிக்கை வந்தது. 1987 டிசம்பரில் சட்டமும் நிறைவேறியது. விடுதிவாசிகளின் உரிமைகளும் 'வாழ்க்கைத் தரம்' என்ற சொல்லும் சட்டத்தில் ஏறின. ஆய்வுக்கு வரும் அதிகாரி இனி விடுதிவாசிகளையும் நேரில் கண்டு பேசியாக வேண்டும் என்றாயிற்று. சட்டம் வந்த பின் எல்லாம் சீராகிவிட்டது என்று எண்ண வேண்டாம், புகார்கள் ஓயவில்லை. ஆனால் எதை அளப்பது என்று சொல்லும் தகுதி அளக்கப்படுபவருக்கு உண்டு என்பதை ஒரு பெரிய நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டது.

மைக்கேல் யங் விதைத்தவை

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். டவுன்செண்ட் பெத்னல் கிரீனில் முதியோரைக் கண்டு பேசியபோது அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தை 1954-இல் நிறுவியவர் மைக்கேல் யங். இவர் ஒரு விசித்திரப் பேர்வழி. புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுவதே அவர் தொழில். அஞ்சல் வழியில் பட்டம் தரும் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் கருத்தை முன்வைத்தவர்களுள் ஒருவர். ஓய்வு பெற்றவர்களுக்கான 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' பிரிட்டனில் தோன்றக் காரணமானவர்களுள்ளும் ஒருவர்.

இந்த மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் முதலில் 1973-இல் பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியரால் தொடங்கப்பட்டது. அங்கே பேராசிரியர்கள் கற்பித்தனர், முதியோர் கேட்டனர். 1981, 1982-இல் யங், வரலாற்றறிஞர் பீட்டர் லாஸ்லெட், எரிக் மிட்விண்டர் ஆகியோர் பிரிட்டனில் தொடங்கியபோது முறையை மாற்றினர். ஆசிரியர் என்று தனியாக ஒருவரும் இல்லை, பட்டமும் இல்லை. ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஒருவர் நிலவியல் சொல்லித் தருவார். மறுநாள் அவரே இன்னொருவரிடம் இத்தாலிய மொழி கற்பார். லாஸ்லெட்டுக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை ஆராய 1964-இல் அவர் தொடங்கிய குழுவுக்காக, நாடெங்கும் தொழில்முறை ஆய்வாளர் அல்லாத ஆர்வலர்கள் தேவாலயப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எண்ணித் தந்திருந்தனர்.

உடல் நலமும் கல்வியும் உடையவர்கள் இப்படிக் கூடினார்கள், தள்ளாதவர்கள்? 1992-இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்தில், துணையின்றி வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியோரைக் கொண்டே சிறு குழுக்கள் அமைக்கப்பட்டன. வண்டி அனுப்பி அவர்களை அழைத்து வந்து, மாதந்தோறும் பேசச் செய்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது, வீட்டுதவி ஆகியவற்றில் உள்ள குறைகளை அதிகாரிகள் முன் வைக்கச் செய்தனர். இக்குழுக்களை ஆராய்ந்து எழுதியவர்கள், உடல் தளர்ந்தாலும் குரல் தளரவில்லை என்று கண்டனர்.

1996-இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, ஆராய்ச்சியில் பொதுமக்களைச் சேர்ப்பதற்கென ஓர் ஆலோசனைக் குழுவையே அமைத்தது. அது முன்வைத்த கருத்தை நம் இலக்கண வகுப்பு மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். முதியோரைப் பற்றி ஆராய்வது இரண்டாம் வேற்றுமை. முதியோருக்கு என்று ஆராய்வது நான்காம் வேற்றுமை. முதியோரோடு ஆராய்வதும் முதியோரால் ஆராயப்படுவதும் மூன்றாம் வேற்றுமை. பூத்திலிருந்து கணக்கிட்டால் மூன்றாம் வேற்றுமைக்கு வந்து சேர நூறு ஆண்டு ஆகியிருக்கிறது.

மீண்டும் 173 இல்லங்கள்

டவுன்செண்ட் 1963-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருடைய பேட்டிக் குறிப்புகள், படங்கள், அறிக்கைகள் எல்லாம் பிற்காலத்தில் அங்கேயே பாதுகாத்து வைக்கப்பட்டன. அந்த 173 இல்லங்களும் இன்று என்ன ஆயின என்று 2005-ஆம் ஆண்டில் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் ஜூலியா ஜான்சனும் ஷீனா ரோல்ஃபும், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ராண்டல் ஸ்மித்தும் ஆராயத் தொடங்கினர்.

173 இடங்கள், நாடு முழுதும் சிதறிக் கிடக்கின்றன. பெயர்கள் மாறியுள்ளன, தெரு எண்கள் மாறியுள்ளன, ஊர் எல்லைகளே மாறியுள்ளன. மூன்று பேர் எப்படித் தேடுவது? அவர்கள் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகக் கிளைகளுக்கும் ஊர் வரலாற்றுக் கழகங்களுக்கும் வேண்டுகோள் விடுத்தனர். ஏறத்தாழ நூறு முதியவர்கள் முன்வந்தனர். ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியும், ஆவணக் காப்பகத்தில் தேடியும், அக்கம்பக்கத்தாரை விசாரித்தும், கட்டடம் நின்ற இடத்தைப் படம் பிடித்தும் அறிக்கை எழுதி அனுப்பினர்.

இந்த வேலைக்கு முதியவர்களைக் காட்டிலும் தகுந்தவர் யார்? 'இங்கே ஒரு பெரிய வீடு இருந்ததே' என்று நினைவு கூரக் கூடியவர் அந்த ஊரில் நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்தான். அது மட்டுமன்று; தாம் நாளை போய்ச் சேரக்கூடிய இடத்தின் வரலாற்றை அவர்கள் தேடினார்கள். முப்பது வயது டவுன்செண்டுக்கு அந்த அக்கறை இருந்தது. அந்த நெருக்கம் இருந்திருக்க முடியாது.

விடை கிடைத்தது. 173-இல் 39 மட்டுமே இன்னும் முதியோர் இல்லங்களாக நடந்துகொண்டிருந்தன. (39 என்ற எண் இக்கதையில் மூன்றாம் முறையாக வருகிறது, தற்செயலே.) மற்றவை இடிக்கப்பட்டோ, வேறு பயனுக்கு மாற்றப்பட்டோ போயின. எஞ்சிய 39-இல் 20 இல்லங்களுக்கு ஆய்வாளர்கள் நேரில் சென்று, டவுன்செண்டின் பழைய அளவுகோலையே கொண்டு மறுபடி அளந்தனர்.

அவர்கள் கண்ட மாற்றம் இருமுகமானது. கூட்டுப் படுக்கையறைகள் போய்த் தனி அறைகள் வந்திருந்தன. அறையில் சொந்தப் பொருள்கள் இருந்தன. டவுன்செண்டின் நூலைப் படித்தவருக்கு இது சிறிய செய்தி அன்று. ஆனால் இல்லங்களில் வாழ்ந்தவர்களும் மாறியிருந்தனர். 1958-இல் கடைத்தெருவுக்கு நடந்து போய் வரக்கூடியவர்கள் பலர் இல்லங்களில் இருந்தனர். சிலர் சமையலறையிலும் தோட்டத்திலும் வேலை செய்தனர். இப்போது வருபவர்கள் மிகத் தளர்ந்த பின்னரே வருகின்றனர். ஏதேனும் செய்ய விரும்புவோருக்கும் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்கின்றன. கட்டாய உழைப்பை ஒழித்தபோது, ஆசைப்பட்டுக் காய் நறுக்கும் உரிமையும் கூடவே போய்விட்டது. இந்த இழப்பு கட்டில்களை எண்ணும் கணக்கில் ஏறாது. ஆய்வு நூல் 2010-இல் வெளிவந்தது. டவுன்செண்ட் அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதம் தம் 81-ஆம் வயதில் காலமாகிவிட்டார்.

வாயிலைத் தாண்டி

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நூறு முதியவர்கள் இல்லங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். உள்ளே சென்று பேட்டி கண்டு மதிப்பிட்டவர்கள் பல்கலைக்கழகத்தாரே. கூட்டு முயற்சி இல்லத்தின் வாயில் வரை வந்து நின்றது எனலாம்.

வாயிலைத் தாண்டிய முயற்சி அதே காலத்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பேராசிரியர் ரோஜர் க்ளஃபும் அவருடைய குழுவினரும் முதியோருக்குச் சமூக ஆய்வு முறைகளில் பயிற்சி வகுப்பு நடத்தினர். வினா அமைப்பது, பேட்டி காண்பது, விடைகளைப் பகுத்துப் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொண்ட முதியவர்கள், வயதான காலத்தில் வீடு மாறுவது பற்றிய முடிவை மக்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று பிற முதியோரைப் பேட்டி கண்டனர். சொந்த வீட்டை விட்டு இல்லத்துக்குப் போவதா என்ற கேள்வியை இருபத்தைந்து வயது மாணவி கேட்பதும், அதே கேள்வியைத் தம் வீட்டில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்பவர் கேட்பதும் ஒன்றாகுமா?

ஆனால் வயது ஒன்றே தகுதி ஆகிவிடாது. ஒத்த வயதினர் இருவர் கூடினால், கேட்க வந்தவரே தம் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவது இயல்பு. 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்று எதிரில் இருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டால், எழுதத் தாளில் ஒன்றும் மிஞ்சாது. இவற்றைத் தவிர்க்கப் பயிற்சி வேண்டும்; பயிற்சிக்குப் பணம் வேண்டும், நாள் வேண்டும். தவிரவும், இப்படி முன்வருபவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், ஓடியாடக் கூடியவர்கள். இல்லத்துக் கூடத்தில் சுவரை ஒட்டி அமர்ந்திருப்பவருக்கும் இவர்களுக்கும் இடையே வயது ஒன்றாயினும் வாழ்க்கை வேறு. முதியவர் ஒருவரைக் குழுவில் பெயருக்கு உட்கார வைத்து, 'முதியோரையும் கலந்துகொண்டோம்' என்று அறிக்கையில் எழுதும் வழக்கமும் இல்லாமலில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது டிமென்ஷியா எனப்படும் மறதி நோய். இன்று பிரிட்டனின் முதியோர் இல்லங்களில் வாழ்வோருள் பெரும்பாலோருக்கு இந்நோய் ஏதோ ஓர் அளவில் உண்டு. அவர்களை ஆய்வுக் கூட்டாளிகளாக எப்படிச் சேர்ப்பது? முடியாது என்றே பலரும் எண்ணினர். 2002-இல் ஸ்காட்லாந்தில் மறதி நோய் உள்ளவர்களே நடத்தும் ஒரு பணிக்குழு தோன்றியது. உறுப்பினராக வேண்டுமானால் நோய் இருப்பது உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும்! அக்குழுவினர் 2014-இல், தம்மோடு சேர்ந்து ஆராய வருவோர் கைக்கொள்ள வேண்டிய ஆறு விதிகளை வகுத்து ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர். தங்கள் அனுபவத்தை அறிவாக மதிப்பது, உடலுக்கும் மனத்துக்கும் பாதுகாப்பு, ஆய்வாளர்களுக்குப் பயிற்சி என்று அவை செல்கின்றன. அவற்றுள் ஒன்று காலத்தைப் பற்றியது. மறதி நோய் உள்ளவருக்கு நேரம் மற்றவர்களுக்கு ஓடுவதைப் போல ஓடுவதில்லை. கூட்டமும் கேள்வியும் அவருடைய நேரத்திற்கு ஏற்ப அமைய வேண்டும் என்கிறார்கள், அதை எழுதியவர்கள்.